கையில இருக்க காசுக்கு எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்

கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு, இல்லனா டிஸ்க் ஃபுல் ஆயிருச்சு, இல்லனா பழைய டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு, பொதுவா இந்த மூணுல ஒன்னுக்குத்தான் புது டிஸ்க் வாங்கக் கெளம்புவோம். ஆனா எல்லாத்துக்கும் ஒரே சாமான் சரிவராது. ஸ்லோவா இருக்குனு கடையில போய் நின்னு, இருக்கறதுலயே பெரிய டிஸ்க்கா குடுங்கனு 2 டிபி வாங்கிட்டு வந்தா சிஸ்டம் முன்ன இருந்த ஸ்பீட்லயேதான் ஓடும், ஏன்னா அங்க குறை எடத்துல இல்ல. அதனால காச எடுக்கறதுக்கு முன்னாடி எதுக்காக வாங்கறோம்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருங்க. பட்ஜெட் கம்மியா இருக்கறவங்களுக்குத்தான் இது ரொம்ப முக்கியம், தப்பா வாங்கிட்டா இன்னொன்னு வாங்கக் காசு இருக்காது.

விலை பத்தி ஒன்னு சொல்லிடறேன். இங்க எந்த டிஸ்க்குக்கும் ரூபாய் கணக்கு போடல, ஏன்னா 2025 கடைசியில இருந்து ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரி சிப்பு, பெரிய பெரிய டிஸ்க்குனு அள்ளிட்டுப் போறதால விலை ஏறிட்டே இருக்கு, போன வருஷ யூடியூப் வீடியோல சொன்ன விலைய நம்பிப் போனா ஏமாந்துதான் வருவீங்க. இது புதுசும் இல்ல, 2011-ல தாய்லாந்துல வெள்ளம் வந்து ஃபேக்டரியெல்லாம் முங்கினப்ப ஒரே மாசத்துல ஹார்ட் டிஸ்க் விலை எகிறுச்சு, பழைய விலைக்கு எறங்க ரொம்ப நாளாச்சு. அதனால அன்னிக்கு விலைய அன்னிக்குப் பாருங்க, விலைய ஜிபி-யால வகுத்து ஒரு ஜிபிக்கு எவ்வளவு விழுதுனு எழுதிக்கோங்க, ஆனா அந்தக் கணக்க மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க.

சரி, ஸ்லோவா இருக்குங்கறதுக்கு வருவோம். இதுக்கு ஒரே மருந்து எஸ்எஸ்டி, அதாவது மெமரி சிப்புலயே டேட்டா வெக்கற டிஸ்க். ஏன்னு தெரிஞ்சுக்கிட்டா கடையில யாரும் உங்கள குழப்ப முடியாது. ஹார்ட் டிஸ்க்குள்ள ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7,200 தடவ சுத்துது, ஒரு சுத்துக்கு 8.3 மில்லி செகண்ட், தேவையான எடம் டேட்டா படிக்கற ஹெட்டுக்குக் கீழ வர சராசரியா பாதி சுத்து காத்திருக்கணும், அதுக்கும் முன்னாடி ஹெட்டு நகந்து போகணும், எல்லாம் சேந்து ஒரு சின்ன ஃபைல தேடி எடுக்க 12, 13 மில்லி செகண்ட் ஆயிரும். அப்ப ஒரு செகண்டுக்கு 80 தடவ தேடினா பெருசு. விண்டோஸ் ஆன் ஆகறப்பயும் க்ரோம் தொறக்கறப்பயும் ஆயிரக்கணக்குல குட்டி குட்டி ஃபைலா படிக்கும், அதுலதான் உங்க சிஸ்டம் மூச்சு வாங்குது. எஸ்எஸ்டில சுத்தற தட்டே கெடையாது, சாதாரண எஸ்எஸ்டி கூட செகண்டுக்கு பல்லாயிரம் தடவ தேடி எடுத்துரும். பெட்டி மேல போட்டிருக்க 550 எம்பி, 3,500 எம்பிங்கற நம்பர் எல்லாம் பெரிய ஃபைல ஒரே ஓட்டமா படிக்கறப்ப வர்றது, வீட்டு உபயோகத்துல நீங்க உணர்ற வித்தியாசம் அதுல இல்ல, இந்தத் தேடி எடுக்கற வேகத்துலதான் இருக்கு. அதனால காசு இல்லாதவங்க ஜென்4ங்கற வேகமான ரகத்துல 7,000 எம்பினு ஆசப்படாம சாதா எஸ்எஸ்டி போட்டாலே போதும், பத்து வருஷப் பழைய சிஸ்டம் கூட புதுசு மாதிரி எழுந்திரிக்கும்.

சைஸு? 120 ஜிபி வேண்டவே வேண்டாம், விண்டோஸும் அதோட அப்டேட்டும் பாதிய முழுங்கிரும், மிச்ச எடம் நெறைஞ்சா எஸ்எஸ்டியே ஸ்லோ ஆகும். எப்பவும் அஞ்சுல ஒரு பங்கு காலியா விட்டு வெக்கணும். ரொம்ப இறுக்கமான பட்ஜெட்னா 240 அல்லது 256, கொஞ்சம் தாங்கும்னா 480 அல்லது 512. நான் யார் கேட்டாலும் 512-க்குதான் தள்ளிவிடுவேன், ஏன்னா 256-ல இருந்து 512-க்குப் போனா பெரும்பாலும் விலை டபுள் ஆகாது, எடம் டபுள் ஆகும்.

அடுத்து உங்க மெஷின்ல எது உள்ள போகும்னு பாக்கணும், இதுலதான் நெறைய பேர் காச விடறாங்க. எஸ்எஸ்டி மூணு விதமா வருது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க் சைஸ்லயே வர்ற 2.5 இன்ச் சாட்டா, சூயிங் கம் பட்டை மாதிரி இருக்க எம் டாட் டூ-ல சாட்டா, அதே பட்டை வடிவத்துலயே என்விஎம்இ. சாட்டாங்கறது ஹார்ட் டிஸ்க்குக்கும் இருக்க பழைய கனெக்‌ஷன், என்விஎம்இ அத விட வேகமான புது கனெக்‌ஷன். பின்னாடி ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும் ஆனா ஒன்னோட ஸ்லாட்ல இன்னொன்னு வேலை செய்யணும்னு இல்ல. பின்னு இருக்க பக்கம் பாருங்க, ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டுனா பெரும்பாலும் என்விஎம்இ. சில லேப்டாப் ஸ்லாட்டு சாட்டாவ மட்டும்தான் எடுத்துக்கும், சிலது என்விஎம்இ மட்டும், சிலது ரெண்டும், அதனால லேப்டாப்புக்கு அடியில இருக்க மாடல் நம்பர முழுசா கூகுள்ல போட்டு கம்பெனியோட சர்வீஸ் மேனுவல் எடுத்துப் பாத்துருங்க. நீளமும் பாருங்க, 2280-னா 22 மில்லி மீட்டர் அகலம் 80 மில்லி மீட்டர் நீளம், சில சின்ன லேப்டாப்ல 2242 மட்டும்தான் உக்காரும். டெஸ்க்டாப்ல 2014-க்கு முந்தின மதர்போர்டா இருந்தா என்விஎம்இ-ல இருந்து விண்டோஸ் பூட் ஆகறது பெரும் தலைவலி, பேசாம சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்க. போர்டு பழைய சாட்டா 2-வா இருந்தாலும் பரவால்ல, ஸ்பீட் 280 எம்பி கிட்ட நின்னுரும், ஆனா மேல சொன்ன தேடி எடுக்கற வேகம் அப்படியே கெடைக்கும்.

இனி எஸ்எஸ்டிக்குள்ள எது நல்லது எது சுமாருனு பாக்கலாம். விலை கம்மியா இருக்கறதுக்கு ரெண்டு காரணம் இருக்கும். ஒன்னு, எந்த டேட்டா எங்க இருக்குனு கணக்கு வெச்சுக்கற டிராம் சிப்பு உள்ள இல்லாம இருக்கும், க்ரூஷியல் பிஎக்ஸ்500, கிங்ஸ்டன் ஏ400 எல்லாம் அந்த ரகம், வீட்டு வேலைக்கு இது ஓகேதான். ரெண்டாவது க்யூஎல்சி, அதாவது ஒரு செல்லுல நாலு பிட்டு திணிக்கறது, டிஎல்சி-ல மூணு. க்யூஎல்சி-ல கொஞ்சமா எழுதறப்ப ஒன்னும் தெரியாது, ஒரே நேரத்துல பெரிய ஃபோல்டர் காப்பி போட்டா மொதல்ல பறக்கும், கேஷ், அதாவது வேகமா எழுதறதுக்குனு ஒதுக்கின எடம், நெறைஞ்சதும் பொத்துனு விழும். சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபி-க்கு கேஷ் தீந்தப்புறம் எழுதற ஸ்பீட் 80 எம்பினு கம்பெனியே போட்டிருக்கு, அது ஹார்ட் டிஸ்க்க விடக் கம்மி. கல்யாண வீடியோ எடிட் பண்றவங்க, ட்ரோன் ஃபுட்டேஜ் கொட்டறவங்க க்யூஎல்சி பக்கம் போகாதீங்க. சும்மா ப்ரவுசிங், ஆபீஸ் வேலை, பசங்க ஆன்லைன் கிளாஸ்னா க்யூஎல்சியும் ஓடும். எஸ்எஸ்டி தேஞ்சு போயிரும்னு ரொம்ப பேருக்கு ஒரு பயம் இருக்கு. சாம்சங் 870 ஈவிஓ 500 ஜிபி-க்கு 300 டிபி எழுதலாம்னு அஞ்சு வருஷ வாரண்டி குடுக்கறாங்க, நீங்க தெனம் 20 ஜிபி எழுதினாக் கூட வருஷத்துக்கு 7.3 டிபிதான், 300-ஐத் தாண்ட 40 வருஷம் ஆகும், அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரே மாத்திருவீங்க. அதனால அந்த நம்பர விட வாரண்டி மூணு வருஷமா அஞ்சு வருஷமானு பாருங்க. க்ரூஷியல் பத்தி ஒரு செய்தி, அந்தப் பேர்ல கடைகளுக்கு விக்கறத நிறுத்தறோம்னு மைக்ரான் 2025 டிசம்பர்ல அறிவிச்சிட்டாங்க, வித்ததுக்கு வாரண்டி தொடரும்னு சொல்லியிருக்காங்க, அதனால கடையில மிச்சம் இருக்க ஸ்டாக்க நல்ல விலைக்குக் குடுத்தா பயப்பட வேண்டாம், ஆனா பில்லு கட்டாயம்.

இப்ப எடம் பத்தலங்கற கேஸ். இங்க இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் ராஜா, ஒரு ஜிபிக்கு விழற காசுல எஸ்எஸ்டி கிட்ட வர முடியாது. ஹார்ட் டிஸ்க் செய்யறது இன்னிக்கு உலகத்துலயே மூணு கம்பெனிதான், சீகேட், டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்), தோஷிபா. ஹிட்டாச்சி டபிள்யூடி-கிட்ட போயிருச்சு, சாம்சங் ஹார்ட் டிஸ்க் சீகேட்கிட்ட போயிருச்சு, அதனால புதுசா வேற பேர் போட்ட ஹார்ட் டிஸ்க்க யாராவது நீட்டினா உள்ள இருக்கறது இந்த மூணுல ஒன்னு, இல்லனா பழசுக்கு ஸ்டிக்கர் மாத்தினது. இதுல எது நல்ல கம்பெனினு அடிச்சுக்கறாங்க பாருங்க, அது வேஸ்ட். பேக்பிளேஸ்னு ஒரு அமெரிக்க கம்பெனி லட்சக்கணக்குல டிஸ்க் ஓட்டி, எந்த மாடல் எவ்வளவு செத்துச்சுனு மூணு மாசத்துக்கு ஒருக்கா கணக்கு வெளியிடறாங்க, சமீப வருஷங்கள்ல மொத்தமா வருஷத்துக்கு ஒன்னுல இருந்து ரெண்டு பர்சன்டுக்குள்ள சாகுது. மாடலுக்கு மாடல் வித்தியாசம் இருக்கு, ஆனா சாகாத கம்பெனினு ஒன்னு கெடையாது. உங்க கையில வர்ற ஒரே ஒரு டிஸ்க் எந்தப் பக்கம்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனாலதான் ரெண்டாவது காப்பி பத்தி அப்புறம் அழுத்திச் சொல்லப்போறேன்.

பிராண்ட விட முக்கியமா பாக்க வேண்டியது சிஎம்ஆரா எஸ்எம்ஆராங்கறது. இதக் கடைக்காரங்க தானா சொல்ல மாட்டாங்க, பாதிப் பேருக்குத் தெரியவும் தெரியாது. சிஎம்ஆர்-ல டேட்டா எழுதற கோடு ஒவ்வொன்னும் தனித்தனியா இருக்கும். எஸ்எம்ஆர்-ல ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒரு கோட்டோட ஓரத்து மேல அடுத்த கோடு ஏறி இருக்கும், அதனால அதே தட்டுல நெறைய எடம் கெடைக்கும், கம்பெனிக்கு செலவு கம்மி. ஆனா நடுவுல ஒன்ன மாத்தி எழுதணும்னா அத ஒட்டி இருக்கறது எல்லாத்தையும் எடுத்துத் திரும்ப எழுதணும், ரொம்ப நேரம் எழுதிட்டே இருந்தா ஸ்பீட் படுத்துரும். 2020-ல டபிள்யூடி ரெட்ங்கற நாஸ் (நெட்வொர்க்ல மாட்டற ஸ்டோரேஜ் பெட்டி) டிஸ்க்லயே சொல்லாம கொள்ளாம எஸ்எம்ஆர் போட்டிருந்தது வெளிய வந்து பெரிய சண்டையாச்சு, அப்புறம்தான் எந்த மாடல் எதுனு லிஸ்ட் போட்டாங்க, சிஎம்ஆர் வேணும்ங்கறவங்களுக்கு ரெட் ப்ளஸ்னு தனியா பிரிச்சாங்க. சீகேட்டும் அவங்க சைட்ல லிஸ்ட் வெச்சிருக்காங்க. அதனால சீகேட்ல "பாரகூடா 2 டிபி"னு மட்டும் கேட்டு வாங்காதீங்க, லேபிள்ல இருக்க மாடல் நம்பரக் கேட்டு அங்கயே நின்னு செக் பண்ணுங்க. உதாரணத்துக்கு பாரகூடா 1 டிபி-ல எஸ்டி1000டிஎம்010 சிஎம்ஆர், அதே பாரகூடா 2 டிபி-ல எஸ்டி2000டிஎம்008 எஸ்எம்ஆர். ஒரே பேரு, ஒரே கலர் ஸ்டிக்கர், உள்ள வேற.

எஸ்எம்ஆர்னா தொடவே கூடாதுனு நான் சொல்லல. படம், பாட்டு, பழைய ஃபோட்டோனு ஒருக்கா எழுதி வெச்சுட்டு அப்பப்ப எடுத்துப் பாக்கறதுக்கு அது போதும், விலையும் கம்மி. விண்டோஸ் போடறதுக்கு, நாஸ்ல ரெய்டு (பல டிஸ்க்க ஒன்னா சேத்து ஓட்டறது) கட்டறதுக்கு, தெனம் எழுதி அழிக்கறதுக்குத்தான் வேண்டாம். சிசிடிவி-க்கு வர்ற டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் சில நேரம் சல்லிசா கெடைக்கும், அது இருபத்தி நாலு மணி நேரமும் எழுதறதுக்குனு டியூன் பண்ணினது, டேட்டா போட்டு வெக்கற டிஸ்க்கா கம்ப்யூட்டர்ல தாராளமா ஓடும், விண்டோஸ் மட்டும் அதுல போடாதீங்க.

சைஸ் விஷயத்துல ஒரு உண்மை, ரொம்பச் சின்ன ஹார்ட் டிஸ்க் வாங்கறதுதான் உள்ளபடியே காஸ்ட்லி. மோட்டார், பாடி, சர்க்யூட் போர்டு எல்லாம் 500 ஜிபி-க்கும் வேணும் 4 டிபி-க்கும் வேணும், அதனால ஜிபி கணக்குப் பாத்தா சின்னதுல அதிகமா குடுப்பீங்க. புதுசா 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் வாங்கறதுக்கு இன்னிக்கு ஒரு காரணமும் இல்ல, அந்தக் காசுக்கு எஸ்எஸ்டி பாருங்க. 1 டிபி வாங்கினா விண்டோஸ்ல 931 ஜிபி-தான் காட்டும், அது ஏமாத்து வேலை இல்ல, கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1,024 1,024-ஆ எண்ணுது. 2 டிபி-க்கு மேல போனா, மொத தடவ மாட்டறப்ப விண்டோஸ் கேக்கற ஜிபிடி, எம்பிஆர்ங்கற ரெண்டு முறைல ஜிபிடி-ய எடுத்து இனிஷியலைஸ் பண்ணணும், எம்பிஆர் குடுத்தா 2 டிபி தாண்டி எடம் தெரியாது.

செகண்ட் ஹேண்ட் பத்திக் கேக்காதவங்களே இல்ல. சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட் போனா புதுசு, பழசு, ரீஃபர்பிஷ்டு எல்லாம் பக்கத்துப் பக்கத்துல கெடைக்கும், ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும், வார நாள்ல காலையில போங்க, நின்னு நிதானமா டெஸ்ட் பண்ண விடுவாங்க. பழசு வாங்கறதா இருந்தா டிஸ்க கனெக்ட் பண்ணி கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, அது ஃப்ரீ சாஃப்ட்வேர், பென் டிரைவ்ல நீங்களே போட்டு எடுத்துட்டும் போகலாம். அதுல 05, சி5, சி6னு மூணு வரி இருக்கும், கெட்டுப்போய் மாத்தின செக்டர் (டிஸ்க்ல டேட்டா எழுதற குட்டிக் கட்டம்), சந்தேகத்துல நிக்கற செக்டர், படிக்கவே முடியாத செக்டர், மூணோட ரா வேல்யூவும் சைபரா இருக்கணும். ஒன்னுல எண் இருந்தாலும் எழுந்து வந்துருங்க, பேரம் பேசக் கூட உக்காராதீங்க. சி7-ல மட்டும் எண் இருந்தா பெரும்பாலும் கேபிள் பிரச்சனை, அத வெச்சு டிஸ்க ஒதுக்க வேண்டாம். அப்புறம் பவர் ஆன் ஹவர்ஸ், ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம், 30,000 காட்டினா மூணரை வருஷம் நிக்காம ஓடினதுனு அர்த்தம், சிசிடிவி ரெக்கார்டர்ல (டிவிஆர்) இருந்து கழட்டினதா இருக்கும். இந்த மணிக்கணக்க சைபராக்கி புதுசுனு விக்கறவங்களும் இருக்காங்க, 2025 ஜனவரில ஜெர்மனில சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குங்க அப்படி வித்தது மாட்டுச்சு, உள்ள ஃபார்ம்னு தனியா ஒரு பதிவு இருக்கு, அதுல பல ஆயிரம் மணி நேரம் ஓடினது தெரிஞ்சிருச்சு. அதனால சீரியல் நம்பர கம்பெனி வெப்சைட்ல போட்டு வாரண்டி எந்த தேதி வரைக்கும் இருக்குனு பாக்கறத விட்டுராதீங்க, புதுசுனு சொல்றதுக்கும் இதப் பண்ணுங்க. பழைய எஸ்எஸ்டி பேர் தெரியாத ஆள்கிட்ட வாங்கறத நான் ஆதரிக்க மாட்டேன், புது எஸ்எஸ்டியே கைக்கு எட்டற விலையில இருக்கறப்ப அந்த ரிஸ்க் தேவையில்ல. பழைய ஹார்ட் டிஸ்க்க ரெண்டாவது காப்பிக்கு வாங்கலாம், இருக்கற ஒரே காப்பிய அதுல வெக்காதீங்க.

ஆன்லைன்ல 16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி ரெண்டாயிரம் ரூபாய்னு வருது பாருங்க, அது அத்தனையும் பொய். உடைச்சுப் பாத்தா உள்ள ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும், 16 டிபினு காட்டற மாதிரி மாத்தி வெச்சிருப்பாங்க. காப்பி போடறப்ப எல்லாம் ஏறற மாதிரியே தெரியும், நெஜ எடம் முடிஞ்சதும் பழைய ஃபைலு மேலயே எழுதும், ஆறு மாசம் கழிச்சு கொழந்தையோட ஃபோட்டோவத் தொறந்தா தொறக்காது. காசு போறத விட இது கொடுமை.

அப்ப காச எப்படிப் பிரிக்கறது? டெஸ்க்டாப்னா சின்ன எஸ்எஸ்டி ஒன்னு விண்டோஸுக்கு, இருக்கற பழைய ஹார்ட் டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போடாம நல்லா இருந்தா அத அப்படியே டேட்டாவுக்கு, இதுதான் கம்மி செலவுல நெறைய பலன். டிவிடி டிரைவ் இருக்க பழைய லேப்டாப்னா எஸ்எஸ்டிய உள்ள ஹார்ட் டிஸ்க் இருந்த எடத்துல போட்டுட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்க கேடினு ஒரு சட்டத்துல மாட்டி டிவிடி டிரைவ் எடத்துல சொருகலாம், கேடி 9.5 மில்லி மீட்டர், 12.7 மில்லி மீட்டர்னு ரெண்டு தடிமன்ல வரும், டிவிடி டிரைவக் கழட்டி அளந்துட்டு வாங்குங்க. மொத்தமும் செலவு பண்ணிராம, ஃபோட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன், கடைக் கணக்குனு போனா திரும்பக் கெடைக்காதது இருக்குல்ல, அத இன்னொரு டிஸ்க்ல காப்பி வெக்கறதுக்குக் கொஞ்சம் ஒதுக்குங்க. 2 டிபி ஒன்னு வாங்கி எல்லாத்தையும் அதுல வெக்கறதுக்கு பதிலா 1 டிபி-யா ரெண்டு வாங்கினா கொஞ்சம் கூட ஆகும், ஆனா ஒன்னு செத்தா இன்னொன்னு இருக்கும். ரெக்கவரி லேப்ல டிஸ்க் விலையப் போல பல மடங்கு கேப்பாங்க, அப்பவும் முழுசா வரும்னு உறுதி குடுக்க மாட்டாங்க. அலமாரில வருஷக்கணக்கா தூங்கப்போற காப்பிக்கு ஹார்ட் டிஸ்க்தான் சரி, எஸ்எஸ்டிய ரொம்ப நாள் கரன்ட் இல்லாம வெச்சா டேட்டா மெல்ல அழியலாம். எக்ஸ்டர்னல் வாங்கறவங்களுக்கு ஒரு தகவல், டபிள்யூடி மை பாஸ்போர்ட் மாதிரி நெறைய மாடல்ல யுஎஸ்பி போர்ட்டு டிஸ்க்கோட போர்டுலயே ஒட்டியிருக்கும், போர்ட்டு ஒடஞ்சா உள்ள இருக்கறதக் கழட்டி சாட்டால மாட்டிப் பாக்க முடியாது. தனியா ஒரு 2.5 இன்ச் டிஸ்க்கும், அத உள்ள மாட்டற ஒரு யுஎஸ்பி கேஸும் வாங்கி மாட்டினா கேஸ் போனாலும் டிஸ்க் தப்பிக்கும்.

வாங்கிட்டு வந்ததும் ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள டெஸ்ட் பண்ணுங்க. எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw)னு ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீயா கெடைக்கும், லினக்ஸ்காரங்களுக்கு எஃப்3, டிஸ்க் முழுக்க எழுதித் திரும்பப் படிச்சுப் பாக்கும், 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு பல மணி நேரம் ஆகும், ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்குங்க. யுபிஎஸ் இல்லனா கரன்ட் போய்ப் போய் வர்ற நேரத்துல இந்த வேலைய ஆரம்பிக்காதீங்க. பவர் சப்ளைல சாட்டா பின்னு பத்தலனு மோலெக்ஸ்ங்கற பழைய நாலு பின்னு கனெக்டர்ல இருந்து மாத்தற ஒயர் வாங்கினா, வார்த்து மூடின பிளாஸ்டிக் கனெக்டர் இருக்கறத வாங்காதீங்க, அது உள்ள ஷார்ட் ஆகி எரியறதுக்குப் பேர் போனது, ஒயர் தனித்தனியா குத்தி மாட்டின டைப்பு கேட்டு வாங்குங்க. ஜிஎஸ்டி பில்ல ஃபோட்டோ எடுத்து மெயில்ல போட்டு வெச்சுக்கோங்க, தெர்மல் பேப்பர் ஒரு வருஷத்துல வெளுத்துரும்.

பழைய டிஸ்க்க உடனே விக்காதீங்க, புதுசு ஒரு மாசம் ஒழுங்கா ஓடட்டும். அப்புறம் விக்கறதா இருந்தா குயிக் ஃபார்மேட் பண்ணிட்டுக் குடுத்துராதீங்க, அத எடுக்கறது ரொம்ப ஈஸி. ஹார்ட் டிஸ்க்னா விண்டோஸ்ல டிஸ்க்பார்ட்ங்கற (diskpart) கமாண்ட் தொறந்து சரியான டிஸ்க் நம்பரத் தேர்ந்தெடுத்து கிளீன் ஆல் (clean all)னு டைப் பண்ணிக் குடுங்க, முழுக்க சைபர் எழுதிரும், நம்பர ரெண்டு தடவ பாத்துட்டு என்டர் தட்டுங்க. எஸ்எஸ்டினா அந்தந்த கம்பெனி சாஃப்ட்வேர்ல செக்யூர் எரேஸ் இருக்கும், அதப் போடுங்க. பேங்க் பாஸ்வேர்டு சேவ் பண்ணின டிஸ்க்கு, உயிரோட இல்லாம செத்துப் போயிருந்துச்சுனா விக்கவே வேண்டாம், மூடியக் கழட்டித் தட்ட ஒடச்சிட்டு இ-வேஸ்ட்ல போடுங்க, 2.5 இன்ச் டிஸ்க்ல பல மாடல்ல தட்டு கண்ணாடி, கண்ணுக்கு ஏதாவது போட்டுக்கிட்டு ஒடைங்க.